டிராக்டர் மிஸ் அடிக்கிறது: டீசல் பம்ப்பைக் கழற்றச் சொன்னால் சம்மதிக்கலாமா?

கேள்வி: எங்களுடையது மூன்று சிலிண்டர் டீசல் டிராக்டர், 20 வருடப் பழசு. கொஞ்ச நாளாக ஸ்லோவில் விட்டால் இஞ்சின் குலுங்குகிறது, மிஸ் அடிக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப் புகை வந்து கண் எரிகிறது. சூடானதும் பாதி சரியாகிவிடுகிறது, ஆனால் உழும்போது இழுவை போதவில்லை. டீசல் பம்ப்பை இறக்கி முழு வேலை பார்க்க வேண்டும், சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் மூன்றையும் புதிதாகப் போட வேண்டும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா, இல்லை வந்த விலைக்கு விற்றுவிடலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறியை வைத்துப் பம்ப்தான் குற்றவாளி என்று யாராலும் சொல்லிவிட முடியாது. கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகை, எரியாமல் வெளியேறும் டீசல். அதற்குச் சொட்டுகிற இன்ஜெக்டர் காரணமாகலாம், கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படுவது, குறைந்தது காரணமாகலாம், டைமிங், அதாவது டீசல் தெளிக்கும் நேரம், தள்ளிப்போயிருக்கலாம். குலுக்கலுக்கு டீசலில் கலக்கும் காற்றும் காரணமாகலாம். எது என்று தெரிந்துகொள்ளாமல் பாகம் வாங்கினால் பணம்தான் போகும்.

செலவு குறைந்த இடத்திலிருந்து தொடங்குங்கள். டீசல் பில்டரை எப்போது மாற்றினீர்கள்? நினைவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். கூடவே, டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்ப்பில் இருக்கும் சின்ன வலையைக் கழுவுங்கள், பில்டர் கிண்ணத்தின் அடியில் தேங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள். டேங்க் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருந்தாலும் டீசல் இறங்காது. மூடியைத் தளர்த்தி வைத்து ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். பழைய வண்டியில் ஓஸ் வெடிப்பது சகஜம். வெளியே டீசல் கசியாவிட்டாலும், ஃபீட் பம்ப்புக்கு முன்னால் இருக்கும் வெடிப்பு வழியாகக் காற்று உள்ளே இழுக்கும். அந்த இடத்தில் தற்காலிகமாக உள்ளே ஓடுவது தெரிகிற பிளாஸ்டிக் ஓஸ் ஒன்றைப் போட்டுப் பாருங்கள், குமிழி ஓடினால் நோய் அங்கேதான். சரிசெய்த பிறகு ஏர் எடுக்க, அதாவது டீசல் லைனில் சிக்கிய காற்றை வெளியேற்ற, மறக்கக் கூடாது.

அதற்கும் அடங்கவில்லையென்றால், எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். மெக்கானிக்கை உங்கள் முன்னாலேயே செய்யச் சொல்லுங்கள். இஞ்சின் ஸ்லோவில் ஓடும்போது ஒரு இன்ஜெக்டருக்குப் போகும் பைப்பின் நட்டைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். இஞ்சின் சத்தம் இறங்கிக் குலுக்கல் கூடினால் அந்த சிலிண்டர் நன்றாக வேலை செய்கிறது. எந்த மாற்றமும் இல்லையென்றால் அதுதான் செத்த சிலிண்டர். நட்டின் மேல் துணியைச் சுற்றி, கண்ணாடியும் கையுறையும் போட்டுச் செய்ய வேண்டிய வேலை இது. அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் ஊசி குத்தியதுபோல் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்.

செத்த சிலிண்டர் தெரிந்ததும் அதன் இன்ஜெக்டரை அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் போட்டுப் பாருங்கள். மிஸ்ஸும் கூடவே போனால் இன்ஜெக்டர்தான் பழுது. மிஸ் அதே சிலிண்டரில் நின்றுவிட்டால் டேப்பட் இடைவெளி (வால்வைத் திறக்கும் பாகத்தில் விடும் இடைவெளி), வால்வு, கம்ப்ரஷன் ஆகியவற்றைப் பார்த்தபிறகு பம்ப் பக்கம் போகலாம். கழற்றிய இன்ஜெக்டரைத் திரும்பப் போடும்போது காப்பர் வாஷர் புதியதாக இருக்கட்டும்.

இன்ஜெக்டரை டெஸ்ட் செய்யாமல் புதிதாக வாங்காதீர்கள். இன்ஜெக்டர் சர்வீஸ் கடைக்கு மூன்றையும் கொண்டுபோய்ப் பக்கத்தில் நின்று பாருங்கள். குறித்த அழுத்தத்தில் பனிபோல் பிரிந்து தெறிக்க வேண்டும். நூல் மாதிரி ஒழுகினாலோ நுனியில் சொட்டு நின்றாலோ கெட்டுப்போனது. பெரும்பாலும் இன்ஜெக்டரின் நுனியான நாசிலை மட்டும் மாற்றி, அழுத்தத்தைச் செட் செய்தால் போதும், பாடி பழையதே இருக்கலாம்.

அதன் பிறகும் பம்ப்தான் என்றால் சரி, செய்துகொள்ளுங்கள். ஆனால் பட்டறையில் வைத்துப் பிரிக்க விடக்கூடாது. பம்ப்பை டெஸ்ட் பெஞ்ச்சில் ஏற்றி அளவு பார்க்கிற இடத்துக்குத்தான் போக வேண்டும். வேலைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் எவ்வளவு டீசல் போகிறது என்பதை எழுத்தில் கேளுங்கள். எந்தப் பாகம், என்ன கூலி என்று மதிப்பீட்டையும் எழுதித் தரச் சொல்லுங்கள், மாற்றிய பழைய பாகங்களை வாங்கிக்கொள்ளுங்கள். இதைக் கேட்கத் தயங்க வேண்டாம், நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார்.

விற்பதைப் பற்றிச் சொன்னால், சரியாக ஓடாத டிராக்டரை வாங்குபவர் தன் இஷ்டத்துக்குத்தான் விலை சொல்வார். முடிவெடுக்குமுன் கம்ப்ரஷன் டெஸ்ட் ஒன்று செய்துவிடுங்கள். மூன்று சிலிண்டரும் ஒரே அளவில் நல்லபடியாக இருந்து, பிரீதர் (இஞ்சினுக்குள் சேரும் காற்று வெளியேறும் குழாய்) வழியாகப் புகை அதிகம் வராமல் இருந்தால் அந்த இஞ்சினுக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது, நாசில் செலவோடு நிறுத்திக்கொண்டு வைத்துக்கொள்ளலாம். மூன்றும் தேய்ந்திருந்தால் பம்ப்பில் ஒரு பைசாகூடப் போடாதீர்கள். இஞ்சின் வேலைக்கு ஆகும் மொத்தச் செலவை எழுதி வாங்கிய பிறகு, விற்பதா வைத்துக்கொள்வதா என்று கணக்குப் போடுங்கள்.