இலவசமாகக் கிடைக்கும் படத்தை ஏன் தேடித்தேடி வாங்குகிறார்கள்?

கேள்வி: ‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’ (1962) என்ற அமெரிக்கத் திகில் படம் இணையத்தில் இலவசமாகவே பார்க்கக் கிடைக்கிறது. அப்படியிருந்தும் சேகரிப்பாளர்கள் அதன் டிவிடி, கேசட்டுகளைத் தேடி அலைவது ஏன்?

அது இலவசமாக இருப்பதால்தான். திரையரங்குகளுக்குப் போன பிரதிகளில் காப்புரிமைக் குறிப்பு விடுபட்டுப்போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, குறிப்பு இல்லையென்றால் உரிமையும் கிடையாது. படம் பொதுச் சொத்தானது. பிரதி கையில் கிடைத்தவர்களெல்லாம் கேசட் போட்டார்கள். ஒன்றில் இருட்டுக் காட்சிகள் வெறும் கறுப்பாக அப்பிக் கிடக்கும். இன்னொன்றில் எல்லாமே வெளிறியிருக்கும். விநியோகஸ்தர் வெட்டிய 78 நிமிட வடிவம், முழுமையான 84 நிமிட வடிவம் என்ற குழப்பம் வேறு. ஆகவே இந்தப் படம் தன்னிடம் இருப்பதாக ஒருவர் சொன்னால், எந்தப் பிரதி என்று உடனே கேட்கத் தோன்றும்.

இந்தப் படத்துக்கு அந்தக் கேள்வி மிக முக்கியம் என்பேன். ஆற்றில் கார் விழுந்து, தான் மட்டும் கரையேறும் ஆர்கன் இசைக்கலைஞர் மேரி. திடீர் திடீரென்று அவளைச் சுற்றி உலகத்தின் ஓசை முழுவதும் அற்றுப்போகும். அவள் பேசுவது யாருக்கும் கேட்காது. அவள் நிற்பதே யாருக்கும் தெரியாது. படத்தின் பயம் அத்தனையும் அந்த நிசப்தத்தில்தான் இருக்கிறது. மட்டமான பிரதியில் அங்கேயும் இரைச்சல் ஓடிக்கொண்டிருக்கும், காட்சியே செத்துவிடும். நல்ல பிரதியில் அதைப் பார்த்தபோது எனக்கு உடல் சில்லிட்டது.

இயக்குநர் ஹெர்க் ஹார்வி, கான்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில் கல்விப் படங்களும் தொழில்துறைப் படங்களும் எடுத்துவந்தவர். யூட்டாவின் உப்பு ஏரிக்கரையில் கைவிடப்பட்டுக் கிடந்த சால்ட்டேர் கேளிக்கை மண்டபத்தைப் பார்த்ததும் இந்தக் கதை அவரைப் பிடித்துக்கொண்டது. மேரியைத் தொடரும் வெளிறிய முகத்து மனிதனாக நடித்தவரும் அவர்தான். அவர் இயக்கிய ஒரே முழுநீளக் கதைப்படம் இது. அந்த மண்டபம் 1970இல் தீக்கிரையானது. அதன் நடனக் கூடத்தின் பிரம்மாண்டத்தை இன்று இந்தப் படச்சுருளில்தான் உணர முடிகிறது. அதற்காகவே படத்தைத் தேடுபவர்களும் உண்டு.

1989இல் படம் மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தது. 2000ஆம் ஆண்டு, முக்கியமான படங்களைத் தரமான பிரதிகளாக வெளியிடும் க்ரைட்டீரியன் நிறுவனம் இரண்டு வடிவங்களையும் ஒன்றாக டிவிடியில் வெளியிட்டது. முதன்முறை வாங்குபவர் அதிலிருந்தோ, பின்னால் வந்த அவர்களுடைய புளூரேயிலிருந்தோ தொடங்கலாம். பழைய கேசட்டுகளை அதன் பிறகு தேடுங்கள். எதில் எது காணாமல்போயிருக்கிறது என்பது அப்போதுதான் புலப்படும்.