மை நிரப்பிப் பாவிக்கும் காட்ரிட்ஜ்: வன்னி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

வீட்டில் போட்டோ பிரிண்டர் வைத்திருப்பவர்கள் வன்னியிலும் கூடிவிட்டார்கள். பிறந்தநாள், சாமத்தியவீடு, பாடசாலை விளையாட்டுப்போட்டி என்று படங்களுக்குக் குறைவில்லை. கம்பனி மையின் விலைதான் பலரையும் நிரப்பும் காட்ரிட்ஜ் பக்கம் திருப்பியிருக்கிறது. அது பிழையான முடிவில்லை. ஆனால் எந்தப் படத்துக்கு அந்த மை போதும், எதற்குப் போதாது என்று தெரிந்துகொண்டு பாவிக்க வேண்டும்.

பரந்தனிலிருந்து: "போத்தல் மை வாங்கி நிரப்பினேன். முகமெல்லாம் ஊதாவாக வருகிறது. மை கூடாதா?"

மையைக் குறை சொல்ல முன்னர் நொசில் செக் ஒன்று எடுங்கள், அதாவது மை துப்பும் நுண்துளைகள் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று காட்டும் சோதனை அச்சு. ஊதா அடித்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மஞ்சளைத்தான். மஞ்சள் வராவிட்டால் நீலமும் மஜெண்டா என்ற ரோசாச் சிவப்பும் சேர்ந்து முகத்தை ஊதாவாக்கிவிடும். வெள்ளைத் தாளில் மஞ்சள் கோடு முறிந்திருப்பது மின்குமிழ் வெளிச்சத்தில் தெரியாது. பகலில் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஆறு நிறப் பிரிண்டர் (வழக்கமான நான்கோடு லைட் நீலமும் லைட் மஜெண்டாவும் உள்ளது) என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: லைட் மஜெண்டாவுக்குரிய இடத்தில் கடும் மஜெண்டாவை ஊற்றிவிட்டீர்களா? தோலின் நிறத்தைக் கூடுதலாக அந்த லைட் மைகள்தான் போடுகின்றன. மாறி ஊற்றினால் எல்லாரும் சிவந்துபோய் நிற்பார்கள்.

இரண்டும் சரியென்றால் அமைப்பில் தாளின் வகை சரியாகக் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பிரிண்டரின் நிறக் கணக்கு அதன் சொந்த மைக்கும் சொந்தத் தாளுக்கும் போட்டது. வேறு மை ஊற்றினால் கொஞ்சம் விலகத்தான் செய்யும். நல்ல மை விற்பவர்கள் அதற்கான ஐசிசி புரொபைலும், அதாவது அந்த மைக்கேற்ப நிறத்தைத் திருத்தும் கோப்பும், தருவார்கள். இல்லையென்றால் நிற அமைப்பில் மஜெண்டாவைச் சிறிது சிறிதாகக் குறைத்து, சரிவந்த இடத்தில் சேமித்து வையுங்கள். அப்புறம் மையின் பிராண்டை மாற்றாதீர்கள். மாற்றினால் இந்த வேலையெல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மாங்குளத்திலிருந்து: "நிரப்பி மாட்டினால் முதல் இரண்டு படம் நன்றாக வருகிறது. மூன்றாவதில் பாதிக்குமேல் வெள்ளைக் கோடு. கொஞ்ச நேரம் விட்டால் திரும்ப வருகிறது."

காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. குளிர்பானக் குழாயின் மேல்வாயை விரலால் பொத்தினால் உள்ளே இருப்பது கீழே விழாது அல்லவா? அதுதான் இங்கேயும் நடக்கிறது. காட்ரிட்ஜில் இரண்டு துளைகள் உண்டு. மை ஊற்றும் துளை இறுக மூடியிருக்க வேண்டும், காற்றுத் துளை திறந்திருக்க வேண்டும். புதிதாக வாங்கியதில் காற்றுத் துளையில் சின்ன அடைப்பானோ ஒட்டுத்தாளோ இருக்கும். அதைக் கழற்றாமல் மாட்டிவிடுவதுதான் வழக்கமாக நடப்பது.

ஊற்றும் துளை சரியாக மூடாவிட்டால் மறுபக்கத் தொல்லை. மாட்ட முன்னர், மடித்த டிசூவுக்கு மேலே காட்ரிட்ஜின் வாய் கீழே பார்க்கப் பிடியுங்கள். ஒரு சொட்டு, இரண்டு சொட்டு விழுந்து நின்றால் சரி. நின்ற இடத்தில் இன்னொரு சொட்டு மெல்லத் திரண்டு, பெருத்து, விழுந்துகொண்டே இருந்தால் எங்கோ காற்றுப் போகிறது. அதை மாட்டினால் பிரிண்டரின் வயிற்றுக்குள் மை கொட்டும். ரப்பர் அடைப்பானை மாற்றுங்கள்.

ஒன்றைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். கெனன், ஹெச்பி பிரிண்டர்களின் தலை மையைச் சூடாக்கித் துப்பும் வகை. அந்தத் தலையைக் குளிரவைப்பதும் மைதான். வெள்ளைக் கோடு விழுந்த பிறகும் "இந்த ஒன்றை முடித்துவிடுவோம்" என்று ஓடவிட்டால் தலை எரிந்துபோகும். எப்சனின் தலை சூடாக்காமல் அதிர்ந்து துப்புவது, கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

புதுக்குடியிருப்பிலிருந்து: "கோடையில் ஒரு மாதம் பாவிக்கவில்லை. இப்போது கறுப்பு வரவே இல்லை. பல தடவை கிளீன் செய்துவிட்டேன்."

கிளீன் செய்வதை முதலில் நிறுத்துங்கள். ஒவ்வொரு தடவையும் மை உறிஞ்சப்பட்டு, உள்ளே இருக்கும் கழிவு மைப் பஞ்சுக்குப் போகிறது. அது எவ்வளவு நிறைந்தது என்று பிரிண்டர் கணக்கு வைத்திருக்கிறது. கணக்கு முடிந்தால் வேலை செய்ய மறுத்துவிடும். கெனனில் 5பி00 என்று வரும் பிழை அதுதான். இரண்டு மூன்று தடவையில் திறக்காவிட்டால் நிறுத்திவிட்டு 12 மணி நேரமாவது அப்படியே விடுங்கள். காய்ந்த மை இளகும், காற்றுக் குமிழும் அடங்கும். பிறகு ஒரு நொசில் செக்.

அப்போதும் வராவிட்டால், தலையைக் கழற்றக்கூடிய மொடலா என்று பாருங்கள். கழற்றலாம் என்றால் அதன் அடியை இளஞ்சூடான காய்ச்சி வடித்த நீரில் நனைத்த டிசூவின் மேல் வைத்து ஊறவிடலாம். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். கேத்திலின் அடியில் படிகிற வெள்ளைப் படிவைப் பாருங்கள், நுண்துளைக்குள்ளும் அதுதான் போய் இருக்கும். பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் பெற்றோல் செட்டில் கிடைக்கும். போத்தலை வாசித்து வாங்குங்கள், பக்கத்திலேயே பற்றரி அசிட்டும் இருக்கலாம். மின் தொடுகைகளில் ஈரம் பட்டால் நன்றாகக் காயவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

இனி இப்படி நடக்காமல் இருக்க, வாரத்துக்கு ஒரு சின்னக் கலர்ப் படமாவது எடுங்கள். சோளகம் வீசும் காலத்தில் புழுதி வரும் யன்னலோரத்தில் பிரிண்டரை வைக்காதீர்கள். சுவர் சுவிட்சால் நிறுத்தவும் கூடாது. பிரிண்டரின் சொந்தப் பொத்தானை அழுத்தினால்தான் தலை தன் மூடிக்குள் போய் உட்காரும். படம் எடுக்கும்போது கரண்ட் போனால் தலை நடுவழியில் திறந்தபடி நிற்கும். கரண்ட் வந்ததும் ஒருமுறை போட்டு, பொத்தானால் முறையாக நிறுத்திவிடுங்கள்.

துணுக்காயிலிருந்து: "நிரப்பிய பிறகும் மை இல்லை என்றே காட்டுகிறது."

எப்சனுக்கான நிரப்பும் காட்ரிட்ஜில் தானாக மீளும் சிப் இருந்தால், கழற்றித் திரும்ப மாட்ட நிறைந்ததாகக் காட்டும். கெனனில் ஸ்டொப் பொத்தானை 5 விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் மை அளவு பார்ப்பதை விட்டுவிடும். அதன் பிறகு அளவை நீங்கள்தான் கண்ணால் பார்க்க வேண்டும். பிரிண்டரின் மென்பொருள் தானாகப் புதுப்பிக்கப்படுவதையும் நிறுத்தி வையுங்கள். சில புதுப்பிப்புகளுக்குப் பிறகு வெளி காட்ரிட்ஜை ஏற்காமல் விடுவதுண்டு.

முல்லைத்தீவிலிருந்து: "இடப்பெயர்வில் அல்பம் எல்லாம் போய்விட்டது. மிஞ்சியது அப்பாவின் பாஸ்போர்ட் சைஸ் படம் ஒன்றுதான். பெருப்பித்து, நிரப்பிய மையில் எடுத்துச் சாமியறையில் வைத்தேன். ஒரு வருடத்துக்குள் மங்கிவிட்டது."

அம்மா, இந்தப் படத்துக்கு அந்த மை வேண்டாம். போத்தலில் விற்கும் மலிவான போட்டோ மை பெரும்பாலும் சாய மை. வெளிச்சமும் காற்றிலுள்ள ஓசோனும் சாயத்தைத் தின்னும். உடனே காயும் பளபளப்புத் தாளின் மேற்பரப்பு நுண்துளை நிறைந்தது, அது காற்றை உள்ளே விட்டு மங்குவதை விரைவாக்கும். கண்ணாடி இல்லாமல் வைத்தால் கேட்கவே வேண்டாம்.

முதலில் மூலப் படத்தை ஸ்கான் செய்யுங்கள். கைத்தொலைபேசியால் படம் பிடிப்பது போதாது. 35க்கு 45 மில்லிமீற்றர் படத்தை 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) எடுத்தால், 300 டிபிஐயில் ஏறத்தாழ ஐந்தரைக்கு ஏழு அங்குலம் வரை தெளிவு குறையாமல் அச்சிடலாம். தரம் குறையாத டிஃப் கோப்பாகச் சேமித்து, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். ஒரே கணினியில் மட்டும் இருக்கக்கூடாது. மூலப் படத்தை ஒட்டும் பக்க அல்பத்தில் வைக்காமல் தாள் உறையில் வையுங்கள். மாரி ஈரத்தில் அது கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் உரிக்கவே வேண்டாம், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கான் செய்யலாம்.

பிரிண்டை வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு கலர் லாப்பில், ஒளி பட்டு உருவாகும் உண்மையான போட்டோத் தாளில் எடுங்கள். நல்ல பிக்மென்ட் மைப் பிரிண்டர் (சாயத்துக்குப் பதிலாகக் கரையாத நுண்துகள் உள்ள மை) உள்ள ஸ்டூடியோவும் சரி. பிரேம் போடும்போது படமும் கண்ணாடியும் முட்டாமல் நடுவில் ஒரு மட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள். நேர் வெயில் படாத சுவரில், விளக்குப் புகை எட்டாத தூரத்தில் மாட்டுங்கள். கோப்பு கையில் இருக்கும்வரை அப்பாவின் படத்தை எப்போதும் புதிதாக எடுத்துக்கொள்ளலாம்.

மல்லாவியிலிருந்து: "அடையாள அட்டைக்கு வீட்டிலேயே படம் எடுத்துக் கொடுக்கலாமா?"

முடியாது. அடையாள அட்டைக்கும் கடவுச்சீட்டுக்கும் அங்கீகாரம் பெற்ற ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும்.

கிளிநொச்சியிலிருந்து: "புதிதாக வாங்குவதென்றால் நிரப்பும் காட்ரிட்ஜா, டாங்க் பிரிண்டரா?"

கையில் நல்ல பிரிண்டர் இருந்தால் நிரப்பும் காட்ரிட்ஜ். புதிதாக வாங்குவதென்றால், காட்ரிட்ஜ் இல்லாமல் பிரிண்டரின் தாங்கியிலேயே போத்தல் மையை ஊற்றும் டாங்க்தான். எப்சன் எல்805 போன்ற ஆறு நிற டாங்க் படங்களுக்கென்றே செய்தது. கெனன் ஜி2010 போன்ற நான்கு நிறத்தில் கறுப்பு மட்டும் பிக்மென்ட், அது எழுத்துக்கானது. பளபளப்புத் தாளில் மற்ற மூன்றையும் கலந்துதான் கறுப்பை உண்டாக்கும். ஆகவே அந்தக் கறுப்பை எடுத்து வேறு பிரிண்டரின் சாய மை இடத்தில் ஊற்றிவிடாதீர்கள். மாதத்துக்கு நாலைந்து படம்தான் தேவை என்றால் இரண்டும் வேண்டாம், ஸ்டூடியோவில் கொடுத்து எடுங்கள். அவ்வளவு குறைவாகப் பாவித்தால் படத்துக்குப் போகும் மையைவிடத் தலையைக் கழுவப் போகும் மை கூடிவிடும்.