நோயாளியின் அறையில் பூக்கள்

கேள்வி: தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் உறவினருக்குக் கொண்டு சென்ற பூங்கொத்தை உள்ளே அனுமதிக்கவில்லை. பூக்களால் என்ன தீங்கு?

பதில்: தீங்கு பூவில் இருப்பதைவிட, அது நிற்கும் நீரில்தான் அதிகம். தண்டுகள் அழுகத் தொடங்கும் ஜாடி நீரில் சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் விரைவில் பெருகுகின்றன. தொட்டிச் செடியின் மண்ணிலோ ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சை இருக்கக்கூடும். உடல்நலமுள்ளவரை இவை பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை என்றாலும், வெள்ளணுக்கள் குறைந்த புற்றுநோயாளிகள், உறுப்பு மாற்றம் பெற்றவர்கள், தீக்காயமடைந்தவர்கள் ஆகியோருக்கு உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், அந்தத் தடை சரியானதே. இரவில் பூக்கள் ஆக்சிஜனை உறிஞ்சிவிடும் என்ற பழைய அச்சம் மட்டும் தேவையற்றது. அந்த அளவு மிக அற்பம்.

பொது வார்டில் நிலை வேறு. சன்னல் வழியே மரங்களைக் கண்ட நோயாளிகளுக்கு வலி மருந்து குறைவாகத் தேவைப்பட்டதை ஆய்வாளர் ராஜர் உல்ரிச் 1984இல் பதிவுசெய்தார். படுக்கையருகே மலரும் அத்தகைய ஆறுதலைத் தரும் என்றே நம்புகிறேன். செவிலியரிடம் கேட்டு, மணம் குறைந்த பூக்களை வைத்து, நீரை நாள்தோறும் நீங்களே மாற்றுங்கள்.