அரிசி டிரம்மில் ஒரு குவார்ட்டர்

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 41, கணவருக்கு 46. பதினான்கு வருடக் குடி. ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுத்து எழுந்து வந்தவர், இந்த ஐந்து மாதமாகத் தொடவில்லை. பார்ப்பவர்கள் எல்லாம் "கொடுத்து வைத்தவள்" என்கிறார்கள். என் பாடு எனக்குத்தான் தெரியும்.

வாரத்தில் நான்கு நாள் சாயங்காலம் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் குழு) கூட்டம் என்று கிளம்பிவிடுகிறார். எட்டு கிலோமீட்டர் தள்ளி, ஒரு சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் வகுப்பறை. திரும்ப ஒன்பது மணி. முன்பு டாஸ்மாக், இப்போது இது. என்ன பேசினீர்கள் என்றால், "அங்க கேட்டது அங்கயே இருக்கணும்" என்கிறார். என்னிடம் சொல்லாததையெல்லாம் முன்பின் தெரியாதவர்களிடம் சொல்கிறாராம். அதில் நானும் வருவேன் இல்லையா? ஸ்பான்சர் என்று ஒருவர் வேறு, அதே குழுவில் முன்பே குடியை விட்டவர், இவருக்கு வழிகாட்டியாம். ராத்திரி பத்து மணிக்கு போன் வந்தால் மொட்டை மாடிக்குப் போய்விடுகிறார். நகையை அடகு வைத்தது நான், வாந்தியைத் துடைத்தது நான். நல்ல பேர் அவர்களுக்கு.

போன மாதம் என் அக்கா மகன் ரிசப்ஷனுக்கு வரவில்லை. "அங்க பார்ட்டி இருக்கும், ஸ்பான்சர் வேண்டாம்னார்" என்றார். எங்கள் ஆட்கள் முன்னால் கூனிக் குறுகி நின்றேன். கூட்டத்தில் பணம் வேறு போடுகிறார். மதம் மாற்றிவிடுவார்களோ என்று மாமியார் புலம்புகிறார். இரண்டு வருடம் முன்பு கணவர் தானாகவே வீட்டில் குடியை நிறுத்தியபோது இரண்டாம் நாள் ராத்திரி வலிப்பு வந்தது. கொஞ்சம் கொடுத்திருந்தால் வந்திருக்காது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அதனால் ஒரு குவார்ட்டரை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்திருக்கிறேன். அது இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது. அது கிடக்கட்டும்.

வீட்டுக்குப் பக்கத்தில், வாரம் ஒரு நாள் போனால் போதும் என்கிற மாதிரி வேறு குழு உண்டா? எப்படித் தேடுவது?

— பெயர் வேண்டாம், திருச்சி

*

அன்புச் சகோதரி,

குழுவைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் அந்த அரிசி டிரம்மைத் திறங்கள்.

அந்த ராத்திரியைப் பார்த்த எவருக்கும் அந்தப் பயம் வரும். ஆனால் வலிப்பு எப்போது வரும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். தினமும் குடிப்பவரின் மூளை, மதுவின் மந்தத்தை எதிர்த்துத் தன்னை முடுக்கியே வைத்திருக்கும். மதுவைத் திடீரென நிறுத்தினால் அந்த முடுக்கம் மட்டும் மிஞ்சும். கடைசிக் குடியிலிருந்து ஆறு மணி நேரம் முதல் இரண்டு நாளுக்குள்தான் பெரும்பாலும் வலிப்பு. இரண்டாம் நாளுக்கு மேல் சிலருக்குப் பிதற்றலும் இல்லாத உருவங்கள் தெரிவதும் வரும். அது உயிருக்கே ஆபத்து. அதைத் தாண்டத்தான் ஆஸ்பத்திரியில் மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து, பி1 வைட்டமினும் கொடுக்கிறார்கள். உங்கள் கணவர் அதைத் தாண்டி ஐந்து மாதம் ஆகிறது. நிறுத்தியதால் வரும் வலிப்பு இனி வராது. அந்த 180 மில்லி இன்று எந்த நோய்க்கும் மருந்தில்லை.

ஒருவேளை அவர் மறுபடி சில நாள் குடித்துவிட்டால், வீட்டில் நிறுத்த வைக்காதீர்கள். நேராக ஆஸ்பத்திரி, "முன்பு வலிப்பு வந்திருக்கிறது" என்பதை முதலிலேயே சொல்லுங்கள். ஒரு முறை வந்தவருக்கு அடுத்த முறையும் வரும் வாய்ப்பு அதிகம். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கையில் இரும்பும் வேண்டாம், வாயில் எதுவும் வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள்.

கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன். அவர் குடியை விட்டு ஐந்து மாதம் ஆகிறது. நீங்கள் இன்னும் அவருடைய அடுத்த குடிக்குத் தயாராகக் காத்திருக்கிறீர்கள். அவர் தூங்கும் வீட்டில் நீங்களே சரக்கு வைத்திருக்கிறீர்கள். ஸ்பான்சர் மீதான கோபம், பணத்தின் மீதான கோபம் எல்லாம் அந்தப் பயத்தின் பிள்ளைகள் என்றே எனக்குப் படுகிறது. பதினான்கு வருடம் அவரைக் காவல் காத்தவருக்கு, இனி காவல் வேண்டாம் என்றால் கையும் ஓடாது, காலும் ஓடாது. இன்றே அதை சிங்க்கில் ஊற்றி, பாட்டிலை வெளியே போட்டுவிடுங்கள். அவரிடம் சொல்வதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வாரம் ஒரு நாள் என்று நீங்கள் குறைக்கப் பார்ப்பதில் நான் அவர் பக்கம். முதல் 90 நாளில் 90 கூட்டம் என்பது ஏ.ஏ.வில் வழக்கமாகச் சொல்லும் அறிவுரை. சர்ச் வகுப்பறை சாயங்காலம் காலியாக இருக்கும், வாடகை குறைவு, அவ்வளவுதான், ஏ.ஏ. எந்த மதத்தையும் சேர்ந்ததில்லை. அங்கே கட்டணமும் கிடையாது. வெளியார் நன்கொடை வாங்குவதில்லை என்பதால் உறுப்பினர்களே வாடகைக்கும் டீக்கும் போட்டுக்கொள்கிறார்கள். என்ன பேசினார் என்று துருவாதீர்கள். அந்தக் கதவு மூடியிருப்பதால்தான் அவர் வாய் திறக்கிறது. உள்ளே பார்க்க ஆசையென்றால் 'திறந்த கூட்டம்' எந்த நாள் என்று கேட்டு, அன்றைக்குப் போங்கள். அதற்குக் குடும்பத்தாரும் வரலாம்.

நீங்கள் தேட வேண்டிய குழு உங்களுக்கானது. அல்-அனான் என்று பெயர், குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கு. ஏ.ஏ. நிறுவனர்களில் ஒருவரான பில்லின் மனைவி லோயிஸ், 1951ல் இன்னொருவருடன் சேர்ந்து தொடங்கியது. எங்கே நடக்கிறது என்று விசாரிக்கச் சுலபமான ஆள், நீங்கள் கோபப்படும் அந்த ஸ்பான்சர்தான். சிகிச்சை எடுத்த ஆஸ்பத்திரியிலும் கேளுங்கள். போவதற்கு முந்தின நாள் போன் செய்துவிடுங்கள். பரீட்சை, திருவிழா என்றால் இடம் மாறும். பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர்கள் பெரும்பாலும் மறுபடி வருவதில்லை. பக்கத்தில் இல்லையென்றால் போனிலும் ஆன்லைனிலும் கூட்டங்கள் உண்டு. முதல் நாள் ஏமாற்றமாக இருக்கும். கணவரை எப்படித் திருத்துவது என்று அங்கே யாரும் சொல்லித்தர மாட்டார்கள். ஆறு கூட்டமாவது போய்விட்டு முடிவெடுங்கள். நடு ராத்திரியில் மனம் தவித்தால் அரசின் மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

ரிசப்ஷனுக்கு வராதது உங்களுக்கு அவமானமாகப் பட்டிருக்கிறது. அவருக்கு அது தப்பித்த ஒரு சாயங்காலம். அடுத்த கல்யாணத்துக்குக் காலை முகூர்த்தத்துக்கு இருவரும் சேர்ந்து போய், சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுங்கள். அக்கா கேட்டால் காரணத்தை நீங்களே சொல்லுங்கள்.