நியூயார்க் நகர அட்டை: விசா கேட்காமல் தருவார்கள், ஆனால் எங்கே செல்லும்?

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, மனைவி, மகளுடன் நியூயார்க் குயின்ஸில் அக்கா வீட்டு பேஸ்மென்ட்டில் இருக்கிறேன். அகதி கேஸ் நடக்கிறது. லீஸ், கரன்ட் பில் எல்லாம் அத்தான் பெயரில்தான். கடையில் கூட வேலை செய்பவர்கள் நகர நிர்வாகம் தரும் அடையாள அட்டையை எடுக்கச் சொல்கிறார்கள். எடுத்தால் என் விலாசம் ஐஸ் (ICE, மத்திய அரசின் குடியேற்ற அமலாக்கப் பிரிவு) அதிகாரிகள் கைக்குப் போகுமா? மகளைப் பள்ளியில் சேர்க்க இந்த அட்டை தேவையா?

பதில்: எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் முதலில் மகளின் பள்ளி வேலையை முடியுங்கள். காரணம் இருக்கிறது.

பள்ளியில் சேர்க்க இந்த அட்டை வேண்டியதில்லை. குடியேற்ற நிலையைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளைக்கும் அரசுப் பள்ளியில் இடம் மறுக்கக் கூடாது என்று டெக்சஸ் வழக்கு ஒன்றில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982இலேயே தீர்ப்பளித்துவிட்டது. பிள்ளையின் வயதுக்குச் சான்று, தடுப்பூசி விவரம், நகருக்குள் வசிப்பதற்கான ஆதாரம், இவைதான் கேட்பார்கள். வேறொருவர் வீட்டில் தங்கியிருப்பவர்களுக்கென்று உறுதிமொழிப் படிவம் ஒன்று உண்டு. அதில் அத்தான் கையெழுத்துப் போட்டு, தன் பெயரிலுள்ள லீஸையோ பில்லையோ சேர்த்துக் கொடுக்கலாம். மகள் சேர்ந்ததும், பெற்றோர் என்று உங்கள் பெயரும் இந்த விலாசமும் போட்டு ஒரு கடிதம் தரச் சொல்லி அலுவலகத்தில் கேளுங்கள். பில் எதுவும் இல்லாத உங்களுக்கு, அட்டைக்கான வதிவிடச் சான்று அந்தக் கடிதம்தான்.

இனி அட்டைக்கு வருவோம். ஐடிஎன்ஒய்சி என்பது அதன் பெயர். மேயர் டி பிளாசியோ காலத்தில், 2015 ஜனவரியில் தொடங்கியது. கட்டணம் கிடையாது, 5 ஆண்டுகள் செல்லும், 10 வயதிலிருந்தே எடுக்கலாம். விண்ணப்பத்தில் குடியேற்ற நிலை பற்றிய கேள்வியே இருக்காது. நீங்கள் காட்டும் ஆவணங்களுக்குப் புள்ளி போடுவார்கள். மொத்தம் 4 புள்ளி தேவை: அடையாளத்துக்கு 3, வதிவிடத்துக்கு 1. இயந்திரத்தில் படிக்கக்கூடிய செல்லுபடியாகும் வெளிநாட்டு பாஸ்போர்ட் ஒன்றே அந்த 3 புள்ளியையும் தந்துவிடும். மீதி ஒன்றுக்குப் பள்ளிக் கடிதம், அல்லது உங்கள் பெயரில் அண்மையில் வந்த வங்கி ஸ்டேட்மென்ட். எல்லாம் அசலாக இருக்க வேண்டும், ஜெராக்ஸ் எடுபடாது. உங்களிடமுள்ள தாள்களுக்கு எத்தனை புள்ளி என்று நகரின் இணையதளத்திலேயே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள்.

நம்மவர்கள் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் பெயரில்தான். பாஸ்போர்ட்டில் தந்தை பெயரும் சொந்தப் பெயரும் முழுதாக இருக்கும். வங்கியில் ஒரு இனிஷியலும் பெயரும் மட்டும். பள்ளியிலோ இரண்டும் இடம் மாறிக் கிடக்கும். கவுன்டரில் இருப்பவருக்கு இவை மூன்று ஆட்களாகத் தெரிந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. பாஸ்போர்ட்டில் எந்த வரிசையில் எந்த எழுத்தோ, கடிதத்திலும் அப்படியே இருக்கட்டும். பள்ளிக் கடிதத்தைக் கையில் வாங்கியவுடன் அங்கேயே நின்று எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள்.

பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்தால் உடனே தூதரகத்துக்கு ஓடாதீர்கள். எந்த அரசுக்குப் பயந்து அடைக்கலம் கேட்கிறீர்களோ அதே அரசிடம் போய்ப் புதுப்பித்தது ஏன் என்ற கேள்வி உங்கள் விசாரணையில் வரலாம். வக்கீலிடம் கேட்காமல் அந்த வேலையில் இறங்க வேண்டாம். ஒரு நகர அட்டைக்காக கேஸைக் கெடுத்துக்கொள்வது சரியான பைத்தியக்காரத்தனம்.

சரி, விலாசம் ஐஸுக்குப் போகுமா? இந்தப் பயம் ஆதாரமில்லாதது அல்ல. அமெரிக்காவிலேயே முதன்முதலாக இப்படி அட்டை தந்த நகரம் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன். 2007 ஜூனில் அங்கே நகர மன்றம் திட்டத்துக்கு ஒப்புதல் தந்த இரண்டே நாளில் ஐஸ் அந்த நகரில் வீடு வீடாகப் போய்ப் பலரைக் கைது செய்தது. நியூயார்க்கில், டிரம்ப் வென்ற 2016 தேர்தலுக்குப் பிறகு, விண்ணப்பதாரர்கள் கொடுத்த ஆவணங்களின் பிரதிகளை அழிக்க நகர நிர்வாகம் தயாரானது. நகரின் ஒரு பகுதியான ஸ்டேட்டன் ஐலண்டைச் சேர்ந்த மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள் இருவர் அதைத் தடுக்க வழக்குப் போட்டார்கள். 2017 ஏப்ரலில் தீர்ப்பு நகரத்தின் பக்கம் வந்தது. பாஸ்போர்ட், பில் போன்றவற்றின் பிரதிகளை இப்போது வைத்துக்கொள்வதில்லை. ஆனால் விண்ணப்பத்திலுள்ள பெயர், விலாசம், படம் பதிவில் இருக்கும். அதை நகரம் கேட்டவருக்கெல்லாம் தூக்கிக் கொடுத்துவிடாது. நீதிமன்ற உத்தரவு போன்ற சட்டபூர்வ ஆணை வேண்டும். ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். மிகக் குறைவு என்று சொல்வேன்.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. அடைக்கல விண்ணப்பத்திலேயே உங்கள் விலாசத்தைக் கொடுத்திருக்கிறீர்கள். வீடு மாறினால் 10 நாளுக்குள் மத்திய அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய கடமையும் இருக்கிறது. அவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கும் விலாசத்தை நகர அட்டை புதிதாகக் காட்டிக்கொடுக்கப் போவதில்லை. எந்த மனுவும் போடாமல், மத்திய அரசின் எந்தப் பதிவிலும் இல்லாமல் இருப்பவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், முதலில் வக்கீலைப் பாருங்கள் என்று சொல்லியிருப்பேன்.

அட்டை எங்கே செல்லும்? நகர அலுவலகக் கட்டிடங்களிலும் மகளின் பள்ளி வாசலிலும் காட்டலாம். நூலக அட்டையாகவும் பயன்படும். சின்னக் குற்றத்துக்குப் போலீஸ் நிறுத்தினால், நீங்கள் யாரென்று காட்ட ஒன்று கையில் இருக்கும். அப்படி எதுவும் இல்லாத ஆளை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போக வாய்ப்பு அதிகம். என்னைக் கேட்டால் இதற்காக மட்டுமே எடுக்கலாம். சில அருங்காட்சியகங்களில் ஓராண்டு இலவச உறுப்பினர் சலுகையும் கிடைக்கும். அதைக் கேளிக்கை என்று தள்ள வேண்டாம். பேப்பர் இல்லாதவர்கள் மட்டும் வைத்திருக்கும் அட்டை என்று முத்திரை விழாமலிருக்க, குடியுரிமை உள்ளவர்களையும் எடுக்க வைக்கும் நல்ல யுக்தி அது.

விமானம் ஏற, வேலைக்குச் சேரும்போது வேலை அனுமதியைக் காட்ட, வண்டி ஓட்ட இது உதவாது. வண்டிக்கு மாநில லைசென்ஸ் வேண்டும். 2019 டிசம்பர் முதல் குடியேற்ற நிலை பாராமல் நியூயார்க் மாநிலம் அதைத் தருகிறது. நகர அட்டையை வங்கிகளில் சில ஏற்கும், பெரிய வங்கிகள் பல இதை மட்டும் வைத்துக் கணக்குத் திறக்காது. முக்கியமாக, மத்திய அதிகாரி கேட்டால் இந்த அட்டை எதையும் நிரூபிக்காது. வேலை அனுமதி அட்டையோ, ஐ-94 தாளோ (நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு) இருந்தால் 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் அதை உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

அட்டை வரும்வரை உடம்பு சரியில்லாமல் போனால் காத்திருக்க வேண்டாம். நகரப் பொது மருத்துவமனைகள் விசா நிலையைப் பார்த்து ஆளைத் திருப்பி அனுப்புவதில்லை. காப்பீடு எடுக்க வழியில்லாதவர்களுக்கு என்ஒய்சி கேர் என்ற நகர மருத்துவத் திட்டம் இருக்கிறது. தேவையின்றி குடியேற்ற நிலையைத் துருவக் கூடாது என்று நகர ஊழியர்களுக்கு 2003இலேயே மேயர் புளூம்பெர்க்கின் உத்தரவு உண்டு. நகர அலுவலகங்கள் மொழிபெயர்த்த படிவங்கள் தர வேண்டிய பத்து மொழிகளில் வங்காளமும் உருதும் இருக்கின்றன, தமிழ் இல்லை. அதற்காக மகளை மொழிபெயர்ப்பாளராக்க வேண்டாம். "தமிழ்" என்று சொன்னால் போதும், தொலைபேசி வழியாக மொழிபெயர்ப்பாளரை இணைக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

அட்டைக்கான அப்பாயின்ட்மென்ட் இணையத்திலோ நகரின் உதவி எண்ணான 311ஐ அழைத்தோ எடுக்கலாம். இதற்கு யாராவது காசு கேட்டால் ஏமாற்றுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டை தபாலில்தான் வரும். தபால் பெட்டியில் அத்தான் பெயர் மட்டும் இருந்தால் உங்கள் உறை திரும்பிப் போகலாம். இன்றைக்கே ஒரு துண்டுத் தாளில் உங்கள் பெயரையும் எழுதி அதில் ஒட்டிவிடுங்கள். நீதிமன்றத் தேதி பற்றிய கடிதம் வருவதும் அதே பெட்டிக்குத்தான், அதைத் தவறவிட்டு விசாரணைக்குப் போகாமல் இருந்தால் நாடுகடத்தும் உத்தரவே வந்துவிடும்.