‘போலீஸ் படிப்பு’ என்று பதறும் அம்மாவுக்கு

“போலீஸ் வேலைக்கா கடல் தாண்டி வந்து பிள்ளையை வளர்த்தோம்?” என்று கேட்டிருக்கிறீர்கள். மகன் படிக்க ஆசைப்படுவது ‘கிரிமினல் ஜஸ்டிஸ்’, அதாவது குற்றம், போலீஸ், நீதிமன்றம் பற்றிய படிப்பு. அதுவும் கம்யூனிட்டி காலேஜ் என்னும் இரண்டு வருடக் கல்லூரியில், அதுவும் ஆன்லைனில். வயிற்றைக் கலக்கத்தான் செய்யும்.

முதலில் ஒரு விஷயம். உங்கள் கலிஃபோர்னியாவில் இந்தப் படிப்புக்குப் பெரும்பாலும் ‘அட்மினிஸ்ட்ரேஷன் ஆஃப் ஜஸ்டிஸ்’ என்று பெயர். ‘கிரிமினல் ஜஸ்டிஸ்’ என்று மட்டும் தேடினால் நல்ல கல்லூரிகள் சில கண்ணில் படாது. பட்டத்துக்கு மொத்தம் 60 யூனிட், அதாவது பாட அளவுக் கணக்கு. மாநிலவாசிக்கு யூனிட்டுக்கு 46 டாலர், ஆக 2,760. புத்தகச் செலவு தனி. அவன் எடுக்க வேண்டியது ‘அசோசியேட் டிகிரி ஃபார் டிரான்ஸ்ஃபர்’, அதாவது பிறகு பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கான இரண்டு வருடப் பட்டம். பெயரில் அந்தக் கடைசி வார்த்தை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2010-இல் வந்த சட்டப்படி, அதை உரிய மதிப்பெண்ணோடு முடித்தவருக்கு ‘கால் ஸ்டேட்’ எனப்படும் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் இடம் உறுதி. கேட்ட வளாகமே கிடைக்கும் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

ஆன்லைன் என்பதில் எனக்குப் பெரிய கவலை இல்லை. இது வாசித்து எழுதும் படிப்பு. திருடும் எண்ணத்தோடு ஒருவன் வீட்டுக்குள் நுழைகிறான். ஒரு ஸ்பூனைக்கூட எடுக்காமல் ஓடிவிடுகிறான். குற்றமா? ஆம், அந்த எண்ணத்தோடு நுழைந்ததே ‘பர்க்ளரி’. இப்படி ஒவ்வொரு குற்றத்தையும் கூறு கூறாகப் பிரித்துப் பார்க்க, வகுப்பறை பெஞ்சு அவசியமில்லை. ஞாயிறு நள்ளிரவுக்குள் அசைன்மென்ட் அனுப்ப, தானாக உட்கார்ந்து எழுதும் பழக்கம் வேண்டும். அது அவனிடம் இருக்கிறதா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

எனக்கு உறுத்துவது விசா. எச்-4-இல், அதாவது பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த விசாவில், இருக்கும் பிள்ளை ஆன்லைனில் படிக்கலாம். 21 வயதானதும் அந்த விசா போய்விடும். எஃப்-1 என்னும் மாணவர் விசாவுக்கு மாறினால், முழுநேரப் படிப்புக் கணக்கில் ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு ஆன்லைன் பாடம்தான் சேரும். முழுக்க ஆன்லைன் என்ற திட்டம் அங்கேயே உடைந்துவிடும்.

வேலையிலும் அதே கதைதான். எஃப்.பி.ஐ. ஏஜென்ட் ஆக அமெரிக்கக் குடியுரிமை, நான்கு வருடப் பட்டம், குறைந்தது 23 வயது வேண்டும். கலிஃபோர்னியா போலீசுக்கு 2023 முதல் குடியுரிமை கட்டாயமில்லை, ஆனால் வேலை செய்யும் அனுமதி வேண்டும். இந்தப் பட்டம் இருந்தாலும் குறைந்தது 664 மணி நேர போலீஸ் அகாடமி பயிற்சியிலிருந்து தப்ப முடியாது. அப்புறம், அவனிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: கலிஃபோர்னியாவில் 21 வயதானவர்களுக்குக் கஞ்சா சட்டப்படி சரியாக இருக்கலாம், விண்ணப்பத்துக்கு முந்தைய ஒரு வருடத்தில் தொட்டிருந்தால் எஃப்.பி.ஐ. கதவைச் சாத்திவிடும்.

போலீஸ்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. நன்னடத்தை அதிகாரி, நீதிமன்ற ஊழியர் வேலைகள் இருக்கின்றன. பட்டம் முடித்து வக்கீல் படிப்புக்கும் போகலாம். வக்கீல் என்றதும் உங்கள் முகம் கொஞ்சம் மலர்ந்திருக்குமே!

சரி, இவ்வளவு நீளக் கடிதத்தில் அவன் வயதையும் விசாவையும் மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். அந்த இரண்டையும் அனுப்புங்கள். அதுவரை கல்லூரியில் பணம் கட்ட வேண்டாம்.