விசுவாசிக்குப் பயம் வரலாமா?

கேள்வி: எங்கள் சபையின் வாலிபர் ஐக்கியத்தில் கிறிஸ்தவ மர்ம நாவல்களைப் படித்துப் பேசி வருகிறோம். அண்மையில் படித்த ஒன்றில், கதாநாயகன் நள்ளிரவில் திம்பம் மலைப்பாதையில் காரை முழு வேகத்தில் விரட்டிச் செல்கிறான். தோளில் குண்டு பாய்ந்த பிறகும் மூன்று பேரை அடித்து வீழ்த்துகிறான். ஓரிடத்திலும் அவனுக்குப் பயமோ சந்தேகமோ எழவில்லை. நம்பும்படியாக இல்லையே என்றேன். ‘தேவனால் கூடாதது ஒன்றுமில்லை’ என்று நண்பர்கள் வாயை அடைத்துவிட்டார்கள். நான் சொன்னது தவறா?
– ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: தவறே இல்லை. அந்த வசனத்தை எழுத்தாளரின் கவனக்குறைவுக்குக் கேடயமாகப் பிடிப்பதுதான் தவறு. தாங்கள் விவரிப்பதைப் பார்த்தால், அவன் தப்பியது அற்புதத்தால் அல்ல, தன் புயபலத்தால். சத்தியமங்கலத்துக்கு மேலே உள்ள திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பாரம் ஏற்றிய லாரி ஒன்று அங்கே திரும்பும்போது பின்னால் வரும் வண்டிகள் நின்றுதான் ஆக வேண்டும். புலிகள் காப்பகம் என்பதால் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடும், மலையடிவாரத்துப் பண்ணாரியில் சோதனைச்சாவடியும் உண்டு. பின்னால் துரத்துகிறவன், முன்னால் மூடிய தடுப்புக் கம்பம், சொல்வதை நம்பாத காவலர் என்று அந்தத் தடையையே கதையாக்கியிருந்தால், வேகமே இல்லாமல் வாசகரின் நெஞ்சு படபடத்திருக்கும். தோள் என்பதும் குண்டு பட்டால் பாதகமில்லாத இடமன்று. கைக்குச் செல்லும் பெரிய இரத்தக் குழாயும் நரம்புக் கொத்தும் அதன் வழியாகவே போகின்றன. குளோரோஃபார்ம் நனைத்த கைக்குட்டையை முகத்தில் வைத்த நொடியில் ஆள் சாய்வதும் கதைகளில் மட்டுமே நடக்கும். உண்மையில் அதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும்.

வலியே அறியாத உடலும் பயமே அறியாத மனமும் ஒரே குறையின் இரு பக்கங்கள் என்று நான் கருதுகிறேன். விசுவாசி தடுமாறினால் சாட்சி கெட்டுவிடும் என்று எழுத்தாளர் அஞ்சுகிறார். வேதாகமத்தை எழுதியவர்களுக்கு அந்த அச்சம் இருக்கவில்லை. அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரத்தை வாலிபர்களோடு நிதானமாகப் படித்துப் பாருங்கள். அப்போஸ்தலன் பவுலைக் கைதியாக ரோமுக்குக் கொண்டுபோகும் பயணத்தில் கப்பல் புயலில் சிக்குகிறது. உயிர்ச்சேதம் வராது என்ற தேவ வாக்கு பவுலுக்கு முன்கூட்டியே கிடைத்துவிடுகிறது. ஆயினும் பரபரப்பு குறையவில்லை. பதினான்காம் நாள் இரவில் மாலுமிகள் ஆழம் பார்க்கிறார்கள்: 20 பாகம், பிறகு 15 பாகம் (பாகம் என்பது கடலாழத்தை அளக்கும் அலகு). நான்கு நங்கூரங்களைப் போட்டுவிட்டு, எப்போது விடியும் என்று ஏங்குகிறார்கள். மாலுமிகள் படகில் நழுவப் பார்க்க, இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்ப முடியாது என்று காவலுக்கு வந்த போர்ச்சேவகர்களிடம் பவுல் சொல்கிறார். சேவகர்கள் படகின் கயிற்றை அறுத்துவிடுகிறார்கள். கைதிகளைக் கொன்றுவிடலாம் என்ற யோசனை வேறு எழுகிறது. கடைசியில் 276 பேரும் கரை சேர்கிறார்கள். ஆனால் நீந்தியும் பலகைகளைப் பற்றிக்கொண்டும்தான். வாக்குத்தத்தம் இருந்தும் எவருடைய உழைப்பும் அச்சமும் அங்கே ரத்தாகவில்லை. பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போயிற்று என்று எழுதும்போது, நூலாசிரியர் தம்மையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்கிறார்.

கேள்வி: இத்தகைய நாவல்களில் வில்லன் கடைசிப் பக்கத்தில் மனந்திரும்புவது சலிப்பூட்டுகிறது. அதைத் தவிர்த்துவிடலாமா?
– ஒரு வாசகி, தாராபுரம்

பதில்: தவிர்க்க வேண்டாம், முன்னதாகவே கொண்டுவரலாம். சபையைத் துன்புறுத்திய சவுல் (பின்னாளில் பவுல்) மனந்திரும்பிய செய்தியை, தமஸ்குவிலிருந்த சீஷன் அனனியா எளிதில் ஏற்கவில்லை. எருசலேமின் சீஷர்கள் அவரைக் கண்டு பயந்தார்கள். சக விசுவாசியான பர்னபா அவரை அப்போஸ்தலரிடம் அழைத்துச் சென்று அவருக்காகப் பேச வேண்டியிருந்தது. இவன் வேவு பார்க்க வந்தவனா, உண்மையிலேயே மாறியவனா என்ற ஐயத்தை விடவும் நல்ல மர்மம் வேறென்ன வேண்டும்?

கேள்வி: துப்பாக்கியே இல்லாமல் ஒரு கிறிஸ்தவ மர்ம நாவல் எழுத முடியுமா? எழுதிப் பார்க்க ஆசை.
– ஒரு வாசகர், பல்லடம்

பதில்: தாராளமாக முடியும். திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுபவர், ஏற்றுமதி பில்களில் மோசடி நடப்பதைக் கண்டுபிடிக்கிறார். முதலாளி அவருடைய சபைக் கமிட்டியிலேயே இருப்பவர். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு முன்பணம் கொடுத்தவரும் அவரே. ஞாயிறு காலை ஒரே பெஞ்சில் அமர்ந்து பாட வேண்டும். கணக்கர் உடனே உண்மையைச் சொல்லிவிடக் கூடாது. இரண்டு முறையாவது பேச வாயெடுத்துப் பின்வாங்கட்டும், அதற்காக வெட்கப்படட்டும். எழுதிய முதல் அத்தியாயத்தை, அத்தொழிலில் இருக்கும் கணக்கர் ஒருவரிடம் கொடுத்து, பில்லை இப்படித் திருத்த முடியுமா என்று கேட்டுவிட்டு இரண்டாவதைத் தொடங்குங்கள்.